சோறு கடைசியில் வந்த விருந்து

ஆளுக்கு ஒரு சின்னத் தட்டு. தட்டின் நடுவில் மைசூர்பாகுத் துண்டு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. அதன் தலையில் ஒரு சிட்டிகை துருவிய இஞ்சி. அவ்வளவுதான்.

அதை முன்னால் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான், என் வீட்டுக்காரி அஞ்சலாட்சி, என்ஜின் டிரைவர் அந்தோணிசாமி. எதிரில் விருந்துக்கு அழைத்த இசோபே சார்.

கீழே பாய். பாய்க்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை மேசை. என்ஜின் சாமான்கள் வந்த பெட்டியை உடைத்து அவரே செய்தது. ஓரத்தில் ஜப்பான் எழுத்து இரண்டு வரி கறுப்பாக அப்படியே இருந்தது.

விழுப்புரம் ரயில்வே காலனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். அந்தோணிசாமி கோயில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். எனக்குக் காலையில் இரண்டு இட்லியோடு சரி. நல்ல பசி.

சாப்பிடாமல் ஏன் உட்கார்ந்திருந்தோம் என்றால், சோறு வரவில்லை. நம்மில் இலை போட்டு உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் எல்லாம் வைத்து, சோறு விழுந்து, குழம்பும் ஊற்றிய பிறகுதானே கை வைப்போம். ஓரத்தில் வைத்த இனிப்பை முதலிலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் குழந்தையைக்கூடத் திட்டுவோம். ஆகவே மரியாதையாகக் காத்திருந்தோம்.

இசோபே சார் கைகூப்பி ஒரு வார்த்தை சொன்னார். இரண்டு குச்சியால் தன் தட்டிலிருந்ததைக் கொஞ்சம் பிட்டு வாயில் வைத்தார்.

“உப்பு சரியா இருக்குதான்னு பாக்கறாரு,” என்றார் அந்தோணிசாமி என் காதில்.

நாங்கள் எடுக்காததைப் பார்த்து அவரும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். சமையலறைக் கதவருகில் அவர் மனைவி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கஞ்சிக்குப் பதில்

இசோபே சார் யார் என்பதைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். போன வாரம், நான் மேஸ்திரியாக இருந்த ரயில்வே ஷெட்டுக்கு மின்சார என்ஜின் வந்த அன்று அதற்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதை எழுதியிருந்தேன். கூட நின்ற ஜப்பான்காரர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார் என்றேனே, அவர்தான்.

ஐம்பது வயதிருக்கும். குள்ளம். என்ஜினுக்கு அடியில் படுத்தால் எங்களுக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார். அவருக்கு இங்கிலீஷ் பாதி, எனக்கு அதில் பாதி. மீதியை ஸ்பேனரால் பேசிக்கொள்வோம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவர் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். டாக்டர் மருந்து கொடுத்தார். ஆனால் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. அவர் மனைவி, அந்த அம்மா, செய்வதறியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்து வீட்டில் வந்து சொன்னேன்.

அஞ்சலாட்சி ஒன்றும் கேட்கவில்லை. நொய்யைக் குழைய வேகவைத்து, சீரகம் தட்டிப்போட்டு, உப்பு அளவாகப் போட்டுத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினாள். அது வயிற்றில் தங்கியது. ஒன்பது நாள் காலையும் மாலையும் அந்தக் கஞ்சிதான். கடைசி இரண்டு நாள் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாவும் இவளும் அடுப்படியில் உட்கார்ந்து, பாஷையே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், “அது பொம்பளைங்க சமாச்சாரம்” என்பாள்.

அவர்கள் ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியதும், அஞ்சலாட்சியைக் கூப்பிட்டுத் தங்கள் ஊர் முறையில் ஒரு விருந்து வைக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. விருந்து அவளுக்குத்தான். நானும் அந்தோணிசாமியும் ஒட்டிக்கொண்டவர்கள்.

நான் சைவம் என்று தெரிந்ததும், மீனும் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் காய்கறியிலேயே செய்வதாகச் சொல்லியனுப்பினார். ஒரு வாரமாக மார்க்கெட்டில் அவரைப் பார்த்தவர்கள் உண்டு. அந்த அம்மாவுக்குத் தெரிந்த தமிழெல்லாம் கத்தரிக்காய்க்காரியிடம் கற்றது. “இன்னா வெல?”, “கொசுறு குடு” என்பார். சொல்லிவிட்டு இடுப்பு வளைய வணக்கம் வைப்பார்.

கதவிடுக்கில் கண்டது

விருந்துக்கு வருகிறேன். இப்படியே கால் மணி நேரம் போயிருக்கும். மூன்றாம் முறை அந்த அம்மா எட்டிப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

அஞ்சலாட்சி உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளே தெரியும். மூடி போட்ட கிண்ணங்களைத் தாம்பாளத்தில் அடுக்கி, ஆவி பறக்கக் கையில் ஏந்திக்கொண்டு அந்த அம்மா நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

“இன்னாங்க, இத்த சாப்ட்டு முடிச்சாத்தான் அடுத்தது வரும் போலக்கீது. நாம துன்னலன்னு அந்த அம்மா அங்க நின்னுக்கினு அழுவுது. எடுங்க,” என்றாள்.

எடுத்தோம். வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது. எள்ளை விழுதாக அரைத்து, கூவை மாவு சேர்த்துக் கிண்டி, ஆறவைத்து வெட்டியதாம். நல்லெண்ணெய் வாசம் மட்டும் தொண்டையில் கொஞ்ச நேரம் இருந்தது.

தட்டு காலியானதுதான் தாமதம், அந்த அம்மா முகம் மலர்ந்து ஓடிவந்தார். “சாப்டு, சாப்டு,” என்று என்னை ஒருமையில் சொல்லி, தரையைத் தொட வணங்கினார். அந்தோணிசாமி சிரிப்பை அடக்க இருமினார்.

அடுத்து மூடி போட்ட கிண்ணம். திறந்தால் தெளிந்த தண்ணீர் போல ஒரு ரசம். புளி இல்லை, மிளகு இல்லை. ஒரு எலுமிச்சை இலை மிதந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கடல்பாசியைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு என்றார். முதல் வாய்க்கு வெந்நீர் போல இருந்தது. மூன்றாம் வாய்க்கு, தீர்ந்துவிடப் போகிறதே என்று இருந்தது.

ரசத்தைப் பாதி குடித்திருந்தபோது இசோபே சார் எழுந்து உள்ளே போனார்.

முதல் கிண்ணம் சாமிக்கு

அவர் கொண்டுவந்தது கழுத்துச் சிறுத்த ஒரு மண் குப்பி. வெந்நீரில் வைத்துச் சூடாக்கியிருந்தார். கூடவே சந்தனக் கிண்ணம் அளவில் நாலைந்து சின்னக் கிண்ணங்கள்.

அது சாக்கே என்றார். அவர்கள் ஊர் அரிசிச் சாராயம்.

நம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம் அது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் பர்மிட் உண்டு. ஆனால் நான் பயந்தது அதற்காக அல்ல.

சுவரில் ஒரு சின்னப் பலகை. அதில் அவர்கள் சாமியின் பெயர் எழுதிய சீட்டு. முதல் கிண்ணத்தை ஊற்றி அங்கே வைத்துக் கைதட்டிக் கும்பிட்டார். பிறகு என் கிண்ணத்தில் ஊற்றினார். “பர்ஸ்ட் காட். தென் யூ,” என்றார். ஊரைவிட்டு வரும்போது அவருடைய அண்ணன் கொடுத்த பாட்டிலாம். இரண்டு வருஷமாகத் திறக்காமல் வைத்திருந்தாராம். அந்தோணிசாமிக்கு ஊற்றினார். அந்த அம்மா அஞ்சலாட்சிக்கும் ஊற்றினார்.

அப்புறம் குப்பியை என் கையில் கொடுத்தார். அவர்கள் முறையில் தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ள மாட்டார்களாம். அடுத்தவர்தான் ஊற்ற வேண்டும். நான் அவருக்கு ஊற்றினேன்.

வாசனை வந்தது. நீராகாரத்தில் கொஞ்சம் பழம் பிசைந்தது போல ஒரு வாசனை. நாக்கில் நீர் ஊறியது. முருகன் அறிய எழுதுகிறேன், பொய் சொல்ல மாட்டேன், ஊறியது.

கண்டமங்கலம் ரோடு

இங்கே நான் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை வந்த வாரங்களில் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் திண்டிவனத்தில் கலாசி. மூத்த பையனுக்கு ஒரு வயது. மயிலத்தில் பங்குனி உத்திரத்தன்று அவனுக்கு முடியிறக்கிக் காது குத்துவதாக வேண்டுதல். அஞ்சலாட்சி தன் அண்ணனோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு முந்தின நாளே மலையடிவாரம் போய்விட்டாள். நான் விழுப்புரத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு, அங்கேயே ஆசாரியிடம் கடுக்கனை வாங்கிக்கொண்டு, விடியற்காலை வந்துவிடுவதாக ஏற்பாடு.

கடுக்கனை வாங்கினேன். கூட வேலை பார்த்த இருவர், “ஜல்தியா போய் வந்துடலாம் வாப்பா” என்றார்கள். கண்டமங்கலம் வழியாகப் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே குடிக்கத் தடை கிடையாது. அப்போதெல்லாம் மாதத்தில் இரண்டு முறை அந்த ரோட்டில் நான் போகிறவன்தான்.

மறுநாள் கண் விழித்தபோது கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் கிடந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. மடியில் கடுக்கன் பத்திரமாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். தொலைந்திருந்தால் அதைச் சாக்காகச் சொல்லியிருப்பேன்.

பஸ் மாறி நான் கூட்டேரிப்பட்டில் இறங்கியபோது சாயங்காலம். அவர்கள் மலையிலிருந்து திரும்பி அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அவள் மத்தியானம் வரைக்கும் வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தாளாம். அப்புறம் நாவிதர், பொழுது போகிறது அம்மா என்றதும் அண்ணன் மடியில் வைத்து முடியிறக்கிவிட்டாள். காதில் கடுக்கனுக்குப் பதில் வேப்பங்குச்சி. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்த என் பிள்ளை, என் மேல் அடித்த நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டான்.

அவள் என்னைத் திட்டவில்லை. “சாப்ட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கிருத்திகைக்குத் தனியாக மயிலம் போனேன். முருகன் முன்னால் வலது உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, இனி இது என் உதட்டில் படாது என்று சத்தியம் செய்தேன். கொப்புளம் ஆறித் தழும்பானது. வீட்டுக்கு வந்து கையைக் காட்டினேன். பார்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவினாள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கிண்ணம் கைமாறியது

இப்போது அதே உள்ளங்கையில் அந்தச் சின்னக் கிண்ணம் இருந்தது. சூடு தழும்பில் தெரிந்தது.

இசோபே சார் தன் கிண்ணத்தை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். நான் குடித்தால்தான் அவர் குடிப்பார். காய்ச்சலில் கிடந்த மனிதர், பேர் தெரியாத ஊரின் கஞ்சியை, எங்கள் வீட்டு வாளியில் வந்ததை, கேள்வி கேட்காமல் குடித்தவர். சாமிக்கு வைத்துவிட்டு எனக்குக் கொடுக்கிறார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்ல? சொல்ல எனக்கு இங்கிலீஷும் இல்லை.

“சும்மா ஒதட்டுல வச்சி எடுத்துடு மேஸ்திரி,” என்றார் அந்தோணிசாமி மெதுவாக. ஆனால் நான் செய்த சத்தியமே உதட்டைப் பற்றியதுதானே.

கிண்ணம் சாய்ந்து இரண்டு சொட்டு பலகையில் சிந்தியது. மனசுக்குள், அப்பனே மயிலத்தானே, நீ பார்த்துக்கொள் என்றேன்.

பக்கத்திலிருந்து ஒரு கை வந்து கிண்ணத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

“இவரு எங்க சாமிகிட்ட சத்தியம் பண்ணவரும்மா,” என்று அஞ்சலாட்சி அந்த அம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள். என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, தழும்பைக் காட்டி, மேலே கையெடுத்துக் கும்பிட்டாள். “நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலியே. இவருக்கு வச்சத நான் துன்றதுதான் எங்க வழக்கம்.”

சொல்லிவிட்டு அண்ணாந்து, கிண்ணம் உதட்டில் படாமல் உயரத் தூக்கி, தீர்த்தம் போல வாயில் ஊற்றிக்கொண்டாள்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இசோபே சார் என் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தன் கிண்ணத்தைக் குடித்துவிட்டு, நெற்றி மேசையில் படுகிற மாதிரி அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். எனக்கு ஒரு கிண்ணம் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். அந்தோணிசாமி சிலுவை போட்டுக்கொண்டு தன்னுடையதை முடித்தார்.

ஆனால் விஷயம் அதோடு தீரவில்லை. காலியான கிண்ணத்தைக் காலியாக விட்டால் விருந்து வைத்தவர்களுக்குக் குறை. ஊற்றியதை மீதி வைத்தால் அஞ்சலாட்சிக்குக் குறை. அந்த அம்மா ஊற்ற, இவள் குடிக்க, அவர் மறுபடி ஊற்ற, இவளும் மறுபடி அண்ணாந்தாள். தன்னுடைய கிண்ணத்தையும் சேர்த்து நாலு ஆகிவிட்டது.

“இன்னாங்க, இந்த அம்மா நிறுத்த மாட்டேங்குது. காது சூடாவுது,” என்றாள் என்னிடம்.

“அடுத்தது பஜ்ஜி மாதிரி எதோ வருது தங்கச்சி, அத்த துன்னா சரியாப்பூடும்,” என்றார் அந்தோணிசாமி.

ஐந்தாவதற்குக் குப்பி சாய்ந்தபோது, இலையில் போதும் என்று சொல்லக் குறுக்கே கை நீட்டுவோமே, அதுபோல அவள் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். “போதும்மா.”

“போதும்,” என்று அந்த அம்மாவும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். குப்பியைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நிறுத்த வெகு நேரமாயிற்று.

வெள்ளரிக்காயைக் காகிதம் போலச் சீவிப் புளிக்காடியில் ஊறவைத்தது வந்தது. கத்தரிக்காயைச் சுட்டு, உப்பும் இனிப்புமாக ஒரு விழுது தடவியது வந்தது. அந்தோணிசாமி சொன்ன பஜ்ஜி வந்தது, பூப்போல மெல்லிசாக. பூசணித் துண்டு ஒன்று, இலை வடிவத்தில் செதுக்கி வேகவைத்தது. ஒவ்வொன்றும் ஒரு வாய், இரண்டு வாய். ஒவ்வொன்றுக்கும் வேறு தட்டு. ஒரு தட்டு முடியும்வரை வேறு எதையும் நினைக்கவிடாத சாப்பாடு. கோயிலில் ஒவ்வொரு சந்நிதியாக நின்று கும்பிட்டுப் போகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

எல்லாம் முடிந்து, நாங்கள் நம்பிக்கை இழந்த பிறகு, சோறு வந்தது. சின்னக் கிண்ணத்தில் வெள்ளைச் சோறு, ஒரு குழம்பு, இரண்டு துண்டு முள்ளங்கி ஊறுகாய்.

“கல்யாணம் முடிஞ்சி மாப்ள வந்தாப்ல வருதே மேஸ்திரி,” என்றார் அந்தோணிசாமி.

சாக்கேயும் அரிசிதான், அதனால் அது இருக்கும்வரை சோறு வராது என்று இசோபே சார் விளக்கினார். நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

ரயில்வே கேட்

வெளியே வந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. அந்தோணிசாமி தன் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் அவளும் நடந்தோம். அவள் எப்போதும் போல நாலடி பின்னால் வந்தாள்.

கேட் சாத்தியிருந்தது. சைக்கிள்காரர்கள், மல்லாட்டை மூட்டை ஏற்றிய ஒரு வண்டி, நாங்கள். ரயில் வரக் காத்திருந்தோம்.

“இன்னாங்க,” என்றாள் பின்னாலிருந்து.

திரும்பினேன். முகம் சிவந்திருந்தது. முந்தானையால் கழுத்தை விசிறிக்கொண்டிருந்தாள்.

“புளிச்ச கஞ்சித் தண்ணியாட்டம்தான இருந்திச்சி. அப்புறம் காது சூடாச்சி. அவ்ளோதான்.” விசிறுவதை நிறுத்தினாள். “இதுக்காங்க?”

எட்டு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. எத்தனையோ பதில் தயாராக வைத்திருந்தேன். கூட வந்தவர்கள் இழுத்தார்கள், வயசு, வேலைக் கஷ்டம் என்று.

“ஆமா,” என்றேன். “இதுக்குத்தான்.”

அவள் தலையை ஆட்டினாள். கோபமில்லை. கணக்கில் உதைத்த ஒரு இடம் நேரானது போல ஆட்டினாள்.

மின்சார என்ஜின் சத்தமில்லாமல் வந்து, பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனது. கேட் திறந்தது. வண்டிக்காரன் மாட்டை அதட்டினான்.

“தண்டவாளம் தாண்டற வரிக்கும் கையப் புடிச்சிக்கோங்க,” என்றாள். “தல லேசா சுத்துது.”

பட்டப்பகல். கேட்டில் இருபது பேர் இருந்தார்கள். சூடம் ஏற்றிய கையை நீட்டினேன்.